லண்டன் – பாரிஸ் 344 கி.மீ. என்று யார் அளந்தது? பரங்கிமலையில் சங்கிலி போட்ட லாம்ப்டனின் கதை

பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயிலுக்காக நிற்கிற ஒரு காலேஜ் மாணவி, கையிலிருக்கும் போனில் லண்டனுக்கும் பாரிஸுக்கும் எவ்வளவு தூரம் என்று தட்டினால், அடுத்த நொடியே பதில் வந்துவிடும். நேர்கோட்டில் சுமார் 344 கி.மீ., விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். சென்னை – மங்களூரு என்று கேட்டாலும் அப்படித்தான், சுமார் 580 கி.மீ. என்று வரும்.

சரி, இந்த எண் எங்கிருந்து வருது? லண்டனுக்கும் பாரிஸுக்கும் நடுவில் கடல் இருக்கு. அங்கே யாரும் டேப் பிடித்து அளக்க முடியாது. சென்னைக்கும் மங்களூருவுக்கும் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. பிறகு யார் அளந்தது, எப்படி அளந்தது?

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் முதன்முதலாக ஒழுங்கான பதில் சொன்னவர் வில்லியம் லாம்ப்டன். ஒரு கண் பார்வை இல்லாதவர். நாற்பது வயது தாண்டித்தான் இந்தியாவுக்கே வந்தார். அவர் வேலையைத் தொடங்கிய இடம் சென்னை விமான நிலையத்தை ஒட்டி நிற்கும் பரங்கிமலை. அவர் முதலில் அளந்த கோடு வடக்கே வந்து முடிந்த இடம், நம்ம பொன்னேரி இருக்கிற அதே அட்சரேகையில் இருக்கிறது.

இரண்டு விதமான தூரம்

பழவேற்காடு பக்கத்து மீனவர்களுக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற குப்பம் கண்ணுக்கு எதிரிலேயே தெரியும். படகில் நேராகப் போனால் கொஞ்ச நேரம்தான். அதே ஊருக்குச் சாலையில் போகணும்னா ஏரியைச் சுற்றிக்கொண்டு போகணும். ஊர் ஒன்றுதான், ஆனால் தூரம் இரண்டு.

விமானக் கம்பெனிகளும் இணையதளங்களும் சொல்லும் தூரம், படகுத் தூரம் மாதிரியானது. பூமியின் முதுகின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே இழுக்கக்கூடிய மிகக் குட்டையான கோடு அது. அதைக் கணக்குப் போட இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு ஊரும் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்பது. இன்னொன்று, பூமி எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்பது. இதில் எது தப்பானாலும் தூரம் தப்பாகிவிடும்.

பூமி உருண்டை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது சரியான உருண்டை கிடையாது. துருவங்களில் கொஞ்சம் தட்டையாகவும் நடுவில் கொஞ்சம் பருத்தும் இருக்க வேண்டும் என்று நியூட்டன் கணக்குப் போட்டுச் சொன்னார். அதைச் சோதிக்கத்தான் 1730களில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு குழுவாக லாப்லாந்துக்கும் இன்னொரு குழுவாகத் தென் அமெரிக்காவுக்கும் போனார்கள். நியூட்டன் சொன்னது சரிதான் என்று ஆனது. ஆனால் எவ்வளவு தட்டை என்பது மட்டும் நிச்சயமாகவில்லை. அதற்கு உலகின் பல இடங்களில், குறிப்பாக நில நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், இன்னும் அளவுகள் தேவைப்பட்டன.

ஒரு பக்கம் தெரிந்தால் போதும்

எட்டிப் போக முடியாத தூரத்தை அளப்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. பழவேற்காடு கலங்கரை விளக்கம் உங்களுக்கு எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் 1 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்கிறீர்கள். கோட்டின் ஒரு முனையில் நின்று பார்த்தால், கோட்டுக்கும் விளக்கத்துக்கும் நடுவே 90 டிகிரி. மறுமுனையில் நின்று பார்த்தால் 45 டிகிரி. அப்போ முதல் முனையிலிருந்து விளக்கம் சரியாக 1 கி.மீ. தள்ளி இருக்கிறது. தண்ணீரில் கால் வைக்காமலே கண்டுபிடித்தாச்சு.

இப்போது முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கங்களின் நீளமும் தெரிந்துவிட்டது. அதில் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, தூரத்தில் தெரியும் ஒரு கோயில் கோபுரத்தை நோக்கி அடுத்த முக்கோணம். அதன் மேல் இன்னொன்று. இப்படியே முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே போனால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை அளந்துவிடலாம். தரையில் நிஜமாக அளக்க வேண்டியது முதல் கோடு ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்றில் தப்பு விழுந்தால், அதன் மேல் நிற்கும் எல்லாமே தப்பு.

ஐரோப்பாவில் லண்டனையும் பாரிஸையும் இப்படித்தான் இணைத்தார்கள். இரண்டு நகரத்திலும் வானிலை ஆராய்கிற இடமல்ல, வானத்தையே ஆராய்கிற ஆய்வுக்கூடங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே தூரம் என்ன என்பதில் சந்தேகம் எழுந்தது. 1784ல் ஜெனரல் வில்லியம் ராய், லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற சமவெளியில் ஐந்து மைலுக்கும் சற்று அதிகமான அடிக்கோட்டை அளந்தார். 1787ல் முக்கோணங்கள் கால்வாயைத் தாண்டி பிரான்ஸ் கரையைத் தொட்டன. அந்தச் செய்தியையும் அதன் முறையையும் புத்தகத்தில் படித்து மனசில் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர்தான் லாம்ப்டன்.

ஏழை வீட்டுப் பிள்ளை

லாம்ப்டன் 1750களில், வட இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மாகாணத்தின் நார்தாலர்ட்டன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். வசதியான குடும்பம் இல்லை. கணக்கில் கெட்டிக்காரன் என்பதால்தான் பள்ளியில் இடம் கிடைத்தது. பணம் கொடுத்துப் பெரிய பதவி வாங்கிய அந்தக் காலத்து ராணுவத்தில், 1781ல் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார்.

அனுப்பியது அமெரிக்காவுக்கு. அங்கே விடுதலைப் போரின் கடைசிக் கட்டம். யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது இவரும் சிறைப்பட்டார். விடுதலையான பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில், குடியேற வந்தவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலையும் ராணுவக் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலையும். அங்கேதான் ஒரு நாள் சூரிய கிரகணத்தைச் சரியான பாதுகாப்பு இல்லாமல் பார்த்து, இடது கண்ணின் பார்வையை இழந்தார். பின்னாளில் உலகமே வியந்த நுட்பமான கோணங்களையெல்லாம் அவர் பார்த்தது மிச்சமிருந்த ஒரு கண்ணை வைத்துத்தான்.

பத்து வருஷத்துக்கும் மேல் அந்தக் குளிரில் கிடந்தார். பதவி உயர்வு கிடையாது. ஆனால் கையில் கணிதப் புத்தகங்கள் இருந்தன. சுற்றிலும் யாரும் இல்லாத ஊரில், பூமியின் வடிவம் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருந்தார். 1790களின் பின்பாதியில் அவருடைய 33வது ரெஜிமென்ட் இந்தியாவுக்கு வந்தது. அவரும் வந்தார். அந்த ரெஜிமென்டின் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பிறகு 1815ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபு இவர்தான்.

நட்சத்திரம் காட்டிய திசை

1799ல் திப்பு சுல்தானுக்கு எதிரான கடைசிப் போர். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி ஜெனரல் பேர்டின் படை நடந்துகொண்டிருந்தது. தெற்கே போவதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். லாம்ப்டன் தலையை நிமிர்த்தி நட்சத்திரங்களைப் பார்த்தார். படை போய்க்கொண்டிருந்தது வடக்கே, திப்புவின் முகாமை நோக்கி. அதை அவர் சொன்னதும் ஜெனரல் முதலில் நம்பவில்லையாம். பிறகு விளக்கை ஏற்றித் திசைகாட்டியைப் பார்த்தால், நட்சத்திரம்தான் சரி. படை திரும்பியது.

போர் முடிந்தது. மைசூரின் பெரும்பகுதி கம்பெனியின் பிடிக்குள் வந்தது. பிடித்த நாட்டை அளக்கணும் என்ற பேச்சு வந்தபோது, லாம்ப்டன் ஒரு திட்டத்தை எழுதி நீட்டினார். நாட்டை மட்டும் அளக்க வேண்டாம், சோழமண்டலக் கரையிலிருந்து மலபார் கரை வரை முக்கோணங்களால் கோத்து, கூடவே பூமியின் வளைவையும் அளக்கலாம் என்றார். வெல்லெஸ்லி ஆதரித்தார். மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் சம்மதித்தார். ராபர்ட் கிளைவின் மகன் இவர்.

எல்லாரும் சம்மதிக்கவில்லை. பணத்துக்குப் பொறுப்பானவர்களில் ஒருவருக்கு இது வீண் செலவாகப் பட்டது. ஸ்ரீரங்கப்பட்டணம் போகணும்னா பல்லக்குத் தூக்கிகளிடம் சொன்னால் போதுமே, அவர்களுக்கு வழி தெரியாதா, இதற்கு எதற்கு இவ்வளவு முக்கோணம் என்பது அவருடைய வாதம். யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வி முழுக்க முட்டாள்தனம் இல்லை. வழி தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு என்பதை லாம்ப்டன் செய்துதான் காட்ட வேண்டியிருந்தது.

சீனப் பேரரசருக்கு வந்த சங்கிலி

வேலைக்குக் கருவிகள் வேண்டும். இந்தியாவில் கிடைத்ததில் ஒரு பகுதி வேடிக்கையான வழியில் வந்தது. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொடுக்க பிரிட்டிஷ் தூதுக்குழு ஒன்று அறிவியல் கருவிகளை எடுத்துப் போயிருந்தது. அங்கே அவற்றுக்கு மதிப்பு இல்லை. திரும்பி வந்த பொருள்கள் கல்கத்தாவில் கைமாறி, ஓர் எஃகுச் சங்கிலியும் நட்சத்திர உயரம் அளக்கும் கருவியும் லாம்ப்டனிடம் வந்து சேர்ந்தன. சங்கிலியின் நீளம் 100 அடி. ஒவ்வொன்றும் இரண்டரை அடியாக 40 கண்ணிகள்.

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட் லண்டனில் செய்யப்பட்டது. அரை டன் எடை. அதன் வட்டத் தகட்டின் குறுக்களவே மூன்று அடி. கொண்டுவந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டு நாடுகளுக்கும் போர் நடக்கிற நேரம் அது. ஆனால் பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும், மொரீஷியஸ் கவர்னர் அதை மரியாதையோடு மதராஸுக்கு அனுப்பி வைத்தார்.

1802, சித்திரை வெயிலில்

1802 ஏப்ரல் 10. பரங்கிமலை அடிவாரத்திலிருந்து தெற்கே விரியும் சமவெளியில் அளவு தொடங்கியது. நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வெயில் லாம்ப்டனுக்கு உடம்புக் கஷ்டம் மட்டுமில்லை, கணக்குக் கஷ்டமும்கூட. எஃகு சூட்டில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும். சங்கிலி ஒரு மயிரிழை நீண்டாலும், அதே தப்பு நூற்றுக்கணக்கான தடவை கூடிக்கொண்டே போகும்.

அதனால் சங்கிலியைத் தரையில் போடவே இல்லை. கால்கள் வைத்த தாங்கிகளின் மேல் நீளமான மரப் பெட்டிகளை ஒரே மட்டத்தில் அடுக்கி, அதற்குள் சங்கிலியைக் கிடத்தி, இழுத்து நிறுத்தினார்கள். மேலே கூடாரத் துணி நிழல். பக்கத்தில் வெப்பமானிகள். ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டு, எவ்வளவு நீண்டிருக்கும் என்று கழித்தார்கள். ஒரு நூறு அடி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, முன்னால் கொண்டுபோய், மறுபடி மட்டம் பார்த்து, மறுபடி சங்கிலி.

இப்படி நானூறு தடவை. மே மாதக் கடைசி வாக்கில் அடிக்கோடு முடிந்தது. நீளம் சுமார் ஏழரை மைல், அதாவது 12 கி.மீ. இன்றைக்கு பைக்கில் கால் மணி நேரத்தில் போகிற தூரம். அன்றைக்கு ஒன்றரை மாதம் ஆனது. இந்தியாவின் எல்லா அளவுகளுக்கும் மூலமாக நின்ற பெரிய சர்வேயின் தொடக்கம் இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

பொன்னேரி அட்சரேகை வரை

அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் தெற்கே கடலூர்ப் பக்கம் போயின, வடக்கேயும் வந்தன. லாம்ப்டன் முதலில் அளந்து முடித்த வடக்கு – தெற்குக் கோட்டின் தென்முனை, கடலூருக்குப் பக்கத்துத் திருவந்திபுரம். வடமுனையை அன்றைய ஆவணங்கள் பௌட்ரி என்று எழுதுகின்றன. அதன் அட்சரேகை 13 டிகிரி 19 நிமிடம் 49 விநாடி. வரைபடத்தில் அந்த அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு கிழக்கு மேற்காகக் கோடு இழுத்தால், அது பொன்னேரி வழியாகத்தான் போகும்.

இரண்டு முனையிலும் அவர் ராத்திரி ராத்திரியாக நட்சத்திரங்களின் உயரத்தைப் பார்த்தார். ஒரே நட்சத்திரம் தெற்கே ஒரு உயரத்திலும் வடக்கே வேறு உயரத்திலும் தெரியும். அந்த வித்தியாசம்தான் பூமியின் வளைவு. 1 டிகிரி 34 நிமிடம் 56 விநாடி என்று வந்தது. தரையில் முக்கோணங்கள் சொன்ன தூரம் 95,721 பாகம், அதாவது 175 கி.மீ. ஆறு அடிக்கு ஒரு பாகம். கடலில் ஆழம் சொல்ல நம்ம மீனவர்கள் இன்றும் பேசுகிற அதே பாகம்தான்.

தூரத்தைக் கோணத்தால் வகுத்தால், இந்தப் பக்கத்தில் பூமியின் ஒரு டிகிரி என்பது 60,494 பாகம். இன்றைய கணக்கில் 110.6 கி.மீ. செயற்கைக்கோள்களை வைத்து இன்று சொல்லும் எண்ணும் கிட்டத்தட்ட இதேதான். மரப் பெட்டி, சங்கிலி, ஒரு கண், இவ்வளவை வைத்துக்கொண்டு எடுத்த அளவு அது.

காணாமல் போன 40 மைல்

அடுத்து மேற்கே திரும்பினார். 1804ல் பெங்களூருவுக்குப் பக்கத்தில் சோதனைக்காக இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளந்தார். பரங்கிமலையிலிருந்து முக்கோணங்கள் வழியாகக் கணக்குப் போட்டு வந்த நீளத்துக்கும், நிஜமாக அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் நான்கு அங்குலத்துக்கும் குறைவு. நடுவில் இருந்த தூரமோ முந்நூறு கிலோமீட்டர் அளவு.

அங்கிருந்து மங்களூரு கரையைத் தொட்டபோதுதான் எல்லாருக்கும் அதிர்ச்சி. கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே 400 மைல் என்று அதுவரை வரைபடங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. லாம்ப்டன் கணக்கில் வந்தது 360 மைல். ஏறக்குறைய 40 மைல், அதாவது 64 கி.மீ., வரைபடத்தில் மட்டும் இருந்த நிலம். நிஜத்தில் அது கிடையவே கிடையாது. பல்லக்குத் தூக்கிகளுக்கு வழி தெரியும், ஆனால் இதைச் சொல்ல அவர்களால் முடிந்திருக்காது. செலவு வீண் என்ற பேச்சு அதோடு அடங்கியது.

தஞ்சாவூரில் அறுந்த கயிறு

தெற்கே காவிரிச் சமவெளியில் வேறு சிக்கல். மலை இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. உயரமாக இருப்பது கோயில் கோபுரங்கள்தான். அதனால் கோபுரங்களின் மேல் கருவியை ஏற்றிப் பார்த்தார்கள்.

1808ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதியது. கோணம் காட்டும் பெரிய வட்டத் தகடு வளைந்து கோணலாகிவிட்டது. வட்டம் கோணலானால் கோணம் பொய் சொல்லும். பத்து வருஷத் திட்டமே முடிந்தது என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

லாம்ப்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு கூடாரத்துக்குள் அதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். பெரிய பலகை ஒன்றில் சரியான வட்டம் வரைந்து, ஆப்பு, திருகாணி, கப்பி வைத்து, வளைந்த தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வட்டத்துக்கு இழுத்தார். ஆறு வாரம் ஆனது. வட்டம் பழைய நிலைக்கு வந்தது. அதே கருவியைத்தான் அவருக்குப் பின்னாலும் பல வருஷம் பயன்படுத்தினார்கள்.

பெயர் எழுதப்படாதவர்கள்

லாம்ப்டன் பெயர் நிற்கிறது. ஆனால் அரை டன்னைத் தோளில் சுமந்து மலை ஏற்றியது அவர் இல்லை. கொடி பிடித்து அடுத்த மலை உச்சியில் நாள்கணக்காகக் காத்திருந்தவர்கள், சங்கிலி இழுத்தவர்கள், மரம் வெட்டிப் பார்வை திறந்தவர்கள், மாட்டு வண்டி ஓட்டியவர்கள், இவர்களெல்லாம் இந்த மண்ணின் ஆட்கள். காட்டுக் காய்ச்சலில் விழுந்தவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். கணக்குப் புத்தகத்தில் கோணங்கள் விநாடி வரைக்கும் இருக்கு. இவர்களில் பெரும்பாலோர் பெயர் இல்லை.

ஒரு பெயர் மட்டும் தெரியும். ஜோஷுவா டி பென்னிங், மதராஸ் சர்வே பள்ளியில் படித்த பையன். 1794ல் தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஆனது. சிறுவனாக லாம்ப்டனிடம் சேர்ந்த டி பென்னிங், அவர் சாகிற வரை கூடவே இருந்து, அவருடைய நம்பிக்கையான உதவியாளராக உயர்ந்தார்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. இந்த அளவெல்லாம் நம்ம மக்களுக்காக எடுத்தது அல்ல. படை நகர்த்தவும் வரி போடவும் கம்பெனிக்கு வரைபடம் வேண்டியிருந்தது. கொடியும் தொலைநோக்கியுமாக மலைமேல் ஏறியவர்களை ஊர்க்காரர்கள் சந்தேகமாகப் பார்த்ததில் அர்த்தம் இருந்தது. லாம்ப்டனுக்குப் பூமியின் வடிவம்தான் முக்கியம். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்கு நிலம் முக்கியம்.

வழியிலேயே முடிந்த உயிர்

குமரி முனைப் பக்கம் வரை தெற்கே போய் முடித்துவிட்டு, முக்கோணங்கள் வடக்கே ஏறின. 1815ல் பீதர் வரை வந்துவிட்டார்கள். 1817ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818ல் வேலை மதராஸ் அரசிடமிருந்து கவர்னர் ஜெனரலிடம் மாறியது, பெரிய முக்கோண சர்வே என்று பெயரும் வந்தது. அப்போது உதவியாளராக நியமிக்கப்பட்ட இளைஞர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

லாம்ப்டனுக்கு அப்போதே வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் நோக்கிப் போகிற வழியில், 1823 ஜனவரியில், மகாராஷ்டிராவின் வார்தா மாவட்டத்து ஹிங்கன்காட்டில் இறந்தார். கல்லறை அங்கேயே இருக்கிறது. ரொம்ப நாள் யாரும் கவனிக்காமல் கிடந்தது.

அவர் விட்ட கோட்டை எவரெஸ்ட் 1841 வாக்கில் இமய அடிவாரம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். மொத்தம் சுமார் 2,400 கி.மீ. அந்தக் கோட்டை ஆதாரமாக வைத்துத்தான் வங்காளக் கணித அறிஞர் ராதாநாத் சிக்தார் முதலானோர் உலகின் உயரமான சிகரத்தைக் கணக்கிட்டார்கள். சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வந்தது. தொடங்கி வைத்தவருக்குப் பரங்கிமலை மேல் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. மலைக்குப் போகிற பெரும்பாலோர் அதைத் தாண்டித்தான் கோயிலுக்கும் காட்சி பார்க்கவும் போகிறார்கள்.

அப்போ விமான நேரம் ஏன் ஒத்துவரல?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். லண்டன் – பாரிஸ் 344 கி.மீ. ஜெட் விமானம் மணிக்கு 800 கி.மீ. போகும். கணக்குப்படி அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரணும். ஆனால் டிக்கெட்டில் ஒன்றேகால் மணி என்று போட்டிருக்கும். ஏன்?

ஓடுபாதை வரை ஊர்ந்து போக நேரம் ஆகும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் வேகம் குறைவு. வானத்திலும் சாலை மாதிரி வகுத்த பாதைகள் உண்டு, நேர்கோட்டில் போக விடமாட்டார்கள். இறங்க வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். தூரம் குறையக் குறைய இந்த உபரி நேரம்தான் பெரிதாகத் தெரியும். சென்னை – லண்டன் மாதிரி 8,200 கி.மீ. அளவுள்ள பயணத்தில் காற்றுதான் முக்கியம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று, வரும்போது தள்ளிவிடும், போகும்போது தடுக்கும். அதனால் ஒரே தூரத்துக்குப் போகும் நேரம் அதிகம், வரும் நேரம் குறைவு.

1919 ஆகஸ்ட் 25ல் லண்டன் – பாரிஸ் தினசரி விமான சேவை தொடங்கியபோது, பயணம் இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த விமானம் கிளம்பிய இடம் எது தெரியுமா? ஹவுன்ஸ்லோ ஹீத். ஜெனரல் ராய் அடிக்கோடு அளந்த அதே சமவெளி. அந்தக் கோட்டின் ஒரு முனை இன்றைய ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே லாம்ப்டனின் கோடு தொடங்கிய பரங்கிமலைக்குப் பக்கத்திலேயே மீனம்பாக்கம். இதில் மாயம் ஒன்றும் இல்லை. சங்கிலி போடவும் சரி, விமானம் இறங்கவும் சரி, நகரத்துக்குப் பக்கத்தில் தட்டையான வெட்டவெளி வேண்டும்.

ஏரிக்கு என்ன சம்பந்தம்?

தூரம் என்பது விமானத்தில் போகிறவர்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை. பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, கொஞ்சம் தமிழ்நாட்டில். தண்ணீர் மேல் கோடு தெரியாது, மீனுக்கும் தெரியாது. ஆனால் வலை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று சண்டை வரும்போது, பேச்சு கடைசியில் ஒரு வரைபடத்தில் போய்த்தான் நிற்கும். கடற்கரையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் என்ன கட்டலாம், எது யார் நிலம் என்பதும் அப்படித்தான். அந்த வரைபடங்களின் வேரில் பரங்கிமலைச் சங்கிலி இருக்கிறது.

ஏரியில் பாடு எடுக்கிறவர்கள் தங்கள் இடத்தை அளவு கருவி இல்லாமலே பல தலைமுறையாகப் பங்கு போட்டு, முறை வைத்து, மீன் பிடித்து வந்திருக்கிறார்கள். கடலுக்குப் போகிறவர்கள் கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றுக்கொன்று நேராக வைத்துப் பார்த்து, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்கள். லாம்ப்டன் கரையில் நின்று தூரத்துப் பொருளின் இடத்தைக் கண்டார். இவர்கள் தூரத்துப் பொருள்களைப் பார்த்துத் தங்கள் இடத்தைக் காண்கிறார்கள். இரண்டும் ஒரே முக்கோணம்தான். ஒன்று அச்சில் ஏறி அரசு ஆவணமானது, மற்றது அப்பாவிடமிருந்து மகனுக்குப் போனது.

இன்றைக்குப் படகிலேயே ஜிபிஎஸ் வந்துவிட்டது. செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சிக்னலை வைத்து, அதுவும் தூரங்களைக் கணக்கிட்டுத்தான் இடம் சொல்கிறது. அடுத்த தடவை போனில் இரண்டு ஊருக்கு நடுவே தூரம் தேடினால், வரும் எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சித்திரை வெயிலில், துணி நிழலில், நூறு அடிச் சங்கிலியை நானூறு தடவை தூக்கி வைத்தவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது.